ஒரு சாண் உயரத்தில் நின்ற வீடு

வெள்ளெருக்கம்புலத்துக் கமலாசினியின் சீதன வீடு இருபத்தேழு வருஷம் ஆமிக் காம்பு என்கிற படை முகாமுக்குள் இருந்துவிட்டு, ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, கூரை ஓடு ஒன்றைக்கூடக் கீழே போடாமல், நாலு மைல்கட்டை தூரம் நடந்து பிரதேச சபைத் திடலுக்கு வந்து சேர்ந்தது. வழியில் அது யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. காம்பு வாசலில் நின்ற காவல்காரன், சுவரில் கறுப்பு மையால் 'பி 17' என்று எழுதியிருந்த படை இலக்கத்தைப் பார்த்துவிட்டு, இலக்கம் போட்ட எதையும் மறிக்கச் சொல்லித் தனக்குக் கட்டளை இல்லையென்று தடியை உயர்த்தி வழி விட்டான்; சந்தியில் எதிரே வந்த பஸ்ஸின் நடத்துநர் தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் ஓரமா எடுங்கோ!" என்று கத்த, வீடும் விறாந்தையை ஒடுக்கிக்கொண்டு ஓரம் எடுத்தது, தபால்கந்தோர் வாசலில் நின்ற இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, அது போனபிறகு மறுபடி ஏறிப் போனார்கள். வீடு வீட்டுக்குப் போவதில் என்ன புதினம் இருக்கிறது என்று பிறகு அவர்கள் கேட்டார்களாம்.

திடலைச் சுற்றி இருபத்துமூன்று தகரக் கொட்டில்கள் இருந்தன. எல்லாம் வெள்ளெருக்கம்புலத்துக் குடும்பங்கள். ஒரே நாளில் ஓடி வந்தவர்கள். ஊர் முழுவதும் ஒரே முள்ளுக்கம்பிக்குள் போய்விட்டபடியால், அன்றைக்கு ஓடி வந்து இளைப்பாற உட்கார்ந்த இடத்திலேயே இருபத்தேழு வருஷமும் உட்கார்ந்துவிட்டவர்கள். கொட்டில்களுக்குக் கதவு கிடையாது, வாசலில் சாக்குப் படங்கு தொங்கும். சாக்கைத் தட்ட முடியாது என்பதால், ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் செருமிக்கொண்டே நுழைவது அங்கே வழக்கமாகிவிட்டது. ஆக அந்த வியாழக்கிழமை வீடு வந்து திடலின் கிழக்குப் பக்கத்தில் நின்றபோது முதலில் எல்லார் கண்ணும் போனது அதன் கதவுக்குத்தான், பச்சை வர்ணம் உரிந்த இரட்டைக் கதவு, பித்தளைக் குமிழோடு. எழுபது வயது ஐயாத்துரையர் மட்டும் வீட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, எங்கள் ஆட்கள் கேட்கக்கூடிய முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஏன் பிள்ளை, கிணறும் பின்னால வருதோ?"

கமலாசினிக்கு அந்தக் கேள்வி கேட்கவில்லை. அவள் தன் கொட்டிலில் இருந்து பக்கத்துக் கொட்டில் குலசிங்கத்துக்காக ஒரு மனு தட்டிக்கொண்டிருந்தவள், வந்த வீட்டின் சமையல் குசினி யன்னலின் இடப்பக்கத்து மரக்கதவு 'டப்... டப்-டப்' என்று ஒரு முறையும் பிறகு இரு முறையும் அடிக்கிற சத்தம் கேட்டுத் தட்டச்சுப் பொறியிலிருந்து கையை எடுத்தாள். உலகத்தில் அப்படி அடிக்கிற யன்னல் ஒன்றுதான். அவளுடைய அப்பா அதைத் திருத்துகிறேன் திருத்துகிறேன் என்று சொல்லி மூன்று வருஷம் திருத்தாமலே விட்ட யன்னல். ஐம்பத்துநாலு வயதுப் பெண், ஊரில் எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுக்கிற பெண், அமைச்சர்களுக்கே 'தயவுகூர்ந்து' என்ற சொல்லைக் குறைத்துத்தான் போடுவாள் என்று பெயர் எடுத்த பெண், வெறுங்காலோடு திடலைக் குறுக்கே ஓடினாள். ஓடும்போதே அழுதாள், அழும்போதே சிரித்தாள், கழுத்துக் கயிற்றில் தொங்கிய கதவுத் திறப்பு நெஞ்சில் குதித்துக் குதித்து அடித்தது.

அந்த வீட்டில் அவள் வாழ்ந்தது மூன்று வருஷம். அடுப்பில் அரிசி உலையில் கிடக்கக் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடியவள். புருஷன் தில்லைநாதன் பதினாலாவது வருஷம் தகரக் கொட்டிலிலேயே கண்ணை மூடினான். "எங்கட வீட்டிலை ஒருக்காப் படுத்திட்டுச் செத்தால் காணும்" என்று சொல்லியும் அது நடக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்தக் குசினியில், அந்த அடுப்பில், ஒரு பானை பால் காய்ச்சிப் பொங்க விடவேண்டும். அதை அவள் ஒளித்து வைக்கவும் இல்லை, கேட்கிற எல்லாரிடமும் சொல்லுவாள்.

ஓடிப்போய் நின்றவள் படிக்கட்டில் கால் வைக்கப் போய்க் காலை இழுத்துக்கொண்டாள். குசினி யன்னலில் ஒரு முகம். கையில் அகப்பை, கீழே சாரம், மேலே படைச் சட்டை, வயது நாற்பத்தைந்து இருக்கும். பருப்பு வேகிற வாசம் அந்த யன்னலால் வந்தது.

"வணக்கம்," என்றான் அந்த மனிதன். "நான் கோப்ரல் சுமனதாச. இவ்வீட்டை விட்டு வெளியேற எனக்கு உத்தரவு இல்லை. மன்னிக்கவும்."

படையினருக்குத் தமிழ் படிப்பிக்கிற இரண்டு வாரத்து வகுப்பில் படித்தவன் அவன். புத்தகத்தில் இருந்த தமிழை அப்படியே எடுத்துவைத்துக் கதைப்பான். பதினொரு வருஷமாக அந்த வீட்டின் சமையல் பொறுப்பு அவனுக்கு. மற்றவர்கள் அன்று காலை அணிவகுப்புக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது அவர்களுக்கு அத்திவாரம் மட்டும்தான் கிடந்தது. சுமனதாசவுக்கோ தங்குமிடத்தைவிட்டு நகரக்கூடாது என்று கட்டளை. தங்குமிடம் நகர்ந்தால் என்ன செய்வது என்று கட்டளையில் எழுதியிருக்கவில்லை.

"இது என்ர வீடு," என்றாள் கமலாசினி.

"ஆம் அக்கா. கடிதத்தில் வாசித்தேன்," என்றான் அவன்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபத்தேழு வருஷத்தில் கமலாசினி மனுப் போடாத பெரியவர் கிடையாது. சனாதிபதிக்குப் போட்டாள், அமைச்சருக்குப் போட்டாள், ஆளுநருக்குப் போட்டாள், செயலாளர்களுக்குப் போட்டாள். காணியும் பொலிசும் மாகாணத்துக்கு உரியவை என்று எங்கள் நாட்டின் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதியிருக்கிறதே என்று மாகாணத்துக்குப் போட்டால், எழுதியிருப்பது உண்மைதான், கைக்கு வரவில்லை என்று மாகாணம் பதில் போடும். மத்திக்குப் போட்டால் மாகாணத்தைக் கேள் என்று பதில் வரும். போன மாசம், கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஒருவர் பழைய சட்டப் புத்தகங்களை எடைக்குப் போடப் போனபோது ஒன்றை இவள் கேட்டு வாங்கிவந்தாள். கடலுக்கு அப்பால் உள்ள ஒரு பெரிய நாட்டின் சட்டம் அதில் இருந்தது. அந்த நாட்டுச் சனம் இருநூறு வருஷத்துக்கு மேலே போன ஒரு காலத்தில் தங்கள் அரசியலமைப்போடு பத்துத் திருத்தங்களைச் சேர்த்தார்கள். அதில் மூன்றாவது: சமாதான காலத்தில், வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல், எந்த வீட்டிலும் எந்தச் சிப்பாயையும் தங்க வைக்கக் கூடாது. பத்தாவது: மத்திக்குக் கொடுக்காததும் மாநிலங்களுக்குத் தடுக்காததும் எதுவோ, அது மாநிலங்களுக்கோ சனத்துக்கோ உரியது.

வாசித்துவிட்டுக் கமலாசினிக்கு மேலெல்லாம் புல்லரித்தது. யாரோ ஒருத்தி, இருநூறு வருஷத்துக்கு முன்பு, தன் குசினியில் அந்நியன் ஒருவன் பருப்பு வேகவைக்கிறதைப் பார்த்துக் கொதித்திருக்காவிட்டால் இப்படி ஒரு வரி வந்திருக்குமா? அப்புக்காத்தரிடம் ஓடிப்போய்க் கேட்டாள். அவர் சிரித்தார்.

"உது அவையின்ர நாட்டுச் சட்டம், கமலாசினி. அவையே அந்த மூண்டாவதை எடுத்துப் பாக்கிறது குறைவு. தூசு பிடிச்சுக் கிடக்கு."

"தூசு பிடிச்சது ஏன் ஐயா? அங்க ஒருத்தரும் கேளாமல் வீட்டுக்குள்ள வாறேல்லை, அதாலை. எங்களுக்கெண்டால் அது புதுச்சட்டை மாதிரி."

அதை வைத்து ஒரு மனுப் போட நினைத்தாள். போட இனி ஆள் இல்லை. எல்லாருக்கும் போட்டாயிற்று. யோசித்துப் பார்த்துவிட்டு, பெறுநர் என்ற இடத்தில், பழைய பதில்களில் கண்ட படை இலக்கத்தோடு, 'வீடு, பி 17, வெள்ளெருக்கம்புலம்' என்று தட்டினாள். அன்புள்ள வீட்டுக்கு, உன்னைத் திருப்பித் தரச்சொல்லி நான் கேளாத ஆள் இல்லை, உன்னிடம் மட்டும்தான் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் இதை எழுதுகிறேன் என்று தொடங்கி, மூன்றாவதையும் பத்தாவதையும் பதின்மூன்றையும் வரிவரியாக எடுத்து எழுதி, என்னுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, இதை நீ அறிந்திருக்க வேண்டும், இப்படிக்கு உரிமையாளர் என்று முடித்துத் தபாலில் போட்டாள். தபால்காரன் காம்பு வாசலில் கொடுத்தான். 'பி 17' என்றிருந்தபடியால் அது சுமனதாசவின் கைக்குப் போனது. தமிழ் மறந்துபோகாமல் இருக்க எது கிடைத்தாலும் உரக்க வாசித்துப் பழகுகிற அவன், வியாழக்கிழமை காலை அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு, குசினி நடுவில் நின்று, எழுத்துக்கூட்டி, கடைசிச் சொல் வரைக்கும் உரக்க வாசித்தான். வாசித்து முடியத் தரை அசைந்தது என்று பிறகு யன்னலால் சொன்னான்.

வந்த வீடு நின்றதே தவிர இருக்கவில்லை. நிலத்துக்கும் அதன் அடிக்கும் இடையில் ஒரு சாண் வெளி. கோழிகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தன. பாரம் ஏதோ உள்ளே இருக்கிறபடியால்தான் இறங்காமல் நிற்கிறது என்று சிலர் சொன்னார்கள், பாரம் இருந்தால் இறங்கத்தானே வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், எப்படியோ கமலாசினி உள்ளே போகவில்லை. "என்ர வீட்டுக்குள்ள நான் விருந்தாளியாப் போகமாட்டன்," என்றாள். படிக்கு முன்னால் நிறைகுடம் வைத்தாள், குத்துவிளக்கு வைத்தாள், யன்னலால் தெரிந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சுமனதாச வெளியே வரவில்லை. அவள் உள்ளே போகவில்லை. இரண்டு பேரும் யன்னலால் கதைத்தார்கள்.

"அக்கா, மேற்குப் பக்க அறையில் மழை ஒழுகும். நான் மூன்று ஓடு மாற்றினேன்."

"அது அப்பா காலத்திலையே ஒழுகினதுதான். நாலாவது ஓட்டையும் மாத்தவேணும்."

"நாலாவது? எனக்குத் தெரியாது."

"எப்பிடித் தெரியும்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு பருப்பைக் கிளறினான்.

வெள்ளிக்கிழமை, கிராமத்து அதிகாரியான விதானையார் பதிவுப் புத்தகத்தோடு வந்தார். வந்தேறியவர்களை எழுதிக்கொள்ள அவரிடம் ஒரே ஒரு படிவம்தான் இருந்தது, அதையே எடுத்தார். பெயர்: வீடு. வயது: முப்பத்திரண்டு. இடம்பெயர்ந்த காரணம் என்ற இடத்தில் பேனையைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, 'சொந்த விருப்பம்' என்று எழுதினார். குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை: ஒன்று, படைவீரர். எழுதி முடித்து, வீட்டின் கைநாட்டாக நிலையில் கொஞ்சம் மை தடவித் தாளை ஒற்றி எடுத்துக்கொண்டு, இனிப் பிரச்சினை இல்லை என்று சொல்லிப் போனார். அதோடு திடலில் இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது. படிவத்தில் ஏறியது உண்மைதானே!

பிறகு யாரைப் பிடிக்க முடியும்? ஒன்று வந்தால் மற்றதும் வரும். இருபத்திரண்டு குடும்பமும் கமலாசினியின் கொட்டிலுக்கு முன்னால் வரிசை கட்டித் தங்கள் தங்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதுவித்தார்கள். அன்புள்ள வீட்டுக்கு, அன்புள்ள வீட்டுக்கு என்று தட்டித் தட்டி அவளுடைய விரல் நுனி சிவந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. சிலர் மாட்டுக் கொட்டிலுக்கும் தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். ஒருத்தி தன் அம்மிக்கல்லையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லி எழுதச் சொன்னாள். தபால்காரன் சாக்கோடு வந்து வாங்கிப்போனான். ஆண்கள் புல் செதுக்கினார்கள், பெண்கள் சாணம் தெளித்தார்கள், எந்த வீடு எங்கே நிற்பது என்று கயிறு பிடித்தார்கள். ஊரில் இருந்த ஒழுங்கிலேயே நிற்கவேண்டும் என்று முடிவாயிற்று, கிழக்கே கமலாசினி, அதற்கு அடுத்து ஐயாத்துரையர், அதற்கு அடுத்துக் குலசிங்கம்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் குணம் எழும்பியது. ஐயாத்துரையருக்கும் குலசிங்கத்துக்கும் ஊரில் ஒரு வேலிச் சண்டை இருந்தது, இரண்டு முழ அகலத்துக்கு. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் ஓடவேண்டி வந்தது. கொட்டிலில் இருந்த இருபத்தேழு வருஷமும் இருவரும் ஒரே தேத்தண்ணிக் கேத்தலில் குடித்தவர்கள். வீடு வரப்போகிறது என்றதும் ஐயாத்துரையர் எழும்பி, "குலசிங்கம், அந்த இரண்டு முழத்தை இப்பவே கதைச்சு முடிப்பம்," என்றார், குலசிங்கம் கண்கலங்கிப்போய், "அண்ணை, நீங்கள் மறக்கேல்லையே!" என்றான். அத்தனை சந்தோஷம். இரண்டு பேரும் பாய்ந்து போய்க் கதியால் தடி வெட்டி நட்டு, பனையோலை கட்டி, வேலி அடைத்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஆசை தீரச் சண்டை பிடித்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்களுக்குப் பொறுக்குமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் திடல் முழுக்க வேலி. இருபத்துமூன்று வளவு, கிடுகும் ஓலையும் நெருக்கி அடைத்த வேலி, படலை எல்லாம் சரி. வீடு உள்ளே வருவதற்கு வழி விடவேண்டும் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை திடலின் ஓரத்துக்குக் கிரேன் வந்தது. கிரேனுக்கு முன்னால் இரண்டு வாகனம். ஒன்றில் தலைநகரத்து அதிகாரி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. மற்றதில் மாகாணத்து அதிகாரி, கையில் கோப்பு, நெற்றியில் வியர்வை. தலைநகரத்தார் சொல்வதைத் தமிழில் சொல்வதற்காக மாகாணத்தாரைக் கூட்டிவந்திருந்தார்கள். அது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்குக் கொடுத்திருந்த அதிகாரம்.

சொன்ன விஷயம் இதுதான். வீடு படையினரின் தங்குமிடமாகப் பதியப்பட்டது, அதனால் திரும்பிப் போகவேண்டும், கிரேன் தூக்கும். ஆனால் அரசு இரக்கம் இல்லாதது அல்ல. இந்தத் தாளில் அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் வீட்டை இன்றைக்கே, இந்த இடத்திலேயே, விடுவித்ததாக எழுதிவிடலாம். கமலாசினி தாளை வாங்கி வாசித்தாள். 'மேற்படி வீட்டைக் கடந்த இருபத்தேழு வருடங்களாக எனது பூரண சம்மதத்துடன் படையினரின் தங்குமிடமாக வழங்கியிருந்தேன்.' அவ்வளவுதான். ஒரே ஒரு வரி.

"போட்டு விடுங்கோ கமலாக்கா!" குலசிங்கம் வேலிக்கு அப்பால் நின்று கத்தினான். "வீடு வந்தால் காணும், மற்றதெல்லாம் என்னத்துக்கு?"

"போடாதை பிள்ளை!" என்றார் ஐயாத்துரையர். "நீ போட்டால் நாளைக்கு நாங்கள் எல்லாரும் போடவேணும். பேந்து ஒருத்தரும் எங்களை ஒண்டும் செய்யேல்லை எண்டுதான் கதை நிக்கும்."

கமலாசினி பேனையை வாங்கினாள். அவளுக்குப் போட ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? பத்தடி தூரத்தில் அடுப்பு. கையைக் கொஞ்சம் அசைத்தால் பால் பொங்கும். தில்லைநாதனின் முகம் வந்தது. பேனை முனை தாளைத் தொட்டும் விட்டது. அப்போது காற்றில் குசினி யன்னல் அடித்தது, டப்... டப்-டப். பேனையை எடுத்துவிட்டாள்.

"ஐயா, ஒரு விளக்கம்," என்றாள். "இந்த வீடு ஆரின்ர அதிகாரத்துக்குள்ள வருது?"

தலைநகரத்தார் சொன்னார், மாகாணத்தார் தமிழில் சொன்னார்: நடந்து வந்தபடியால் இது வாகனம், வாகனமும் வீதியும் மத்தியின் விஷயம். சொல்லி முடித்த மாகாணத்தார் தொண்டையைச் செருமி, மொழிபெயர்ப்பில் இல்லாத ஒரு வசனத்தைத் தாமாகச் சேர்த்தார். "ஆனால் இப்ப நிக்குது. நிண்டால் காணி. காணி மாகாணத்தின்ர விஷயம். தாளிலை." அப்படிச் சொன்னதும் அவருக்கே பயமாகிவிட்டது.

கமலாசினி குனிந்து, வீட்டுக்கு அடியில் கையைவிட்டு, பெருவிரலையும் சின்ன விரலையும் விரித்துக் காட்டினாள்.

"வடிவாப் பாருங்கோ. வீடு வீதியிலையும் இல்லை, காணியிலையும் இல்லை. ஒரு சாண் மேல நிக்குது. இந்த ஒரு சாணை மத்திக்கு எண்டு எந்தச் சட்டத்திலையும் எழுதேல்லை, மாகாணத்துக்கு எண்டும் எழுதேல்லை. ஒருத்தருக்கும் குடுபடாதது ஆருக்கு? சனத்துக்கு. ஒரு நாட்டிலை இதைப் பத்தாவது எண்டு எழுதி வைச்சிருக்கினம். இதைச் சொல்லுங்கோ அவருக்கு, ஒரு சொல்லும் விடாமல்."

மாகாணத்தார் ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் பெரிதாகிக்கொண்டு போனது. கடைசியில் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் கையை விரித்துச் சாண் காட்டினார். தலைநகரத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிரேன்காரன் எஞ்சினை நிறுத்தினான், கதை கேட்பதற்கு.

"சம்மதம் எண்டு எழுதிக்கிடக்கு," கமலாசினி தாளை உயர்த்திப் பிடித்தாள். "நான் பூட்டிப்போட்டு ஓடினனான். திறப்பு இந்தா கிடக்கு. பேந்து வந்தவை ஒருக்காலெண்டாலும் கதவைத் தட்டினவையோ? கேட்டிருந்தால் இருக்க விட்டிருப்பனோ என்னவோ, தெரியாது. கேக்கேல்லை. கேளாத கேள்விக்கு நான் எப்பிடி ஓமெண்டு எழுதுறது?"

இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. யன்னலில் நின்றவனுக்கு அது தேவையாக இருக்கவில்லை.

பச்சைக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. சுமனதாச சாரத்தை மாற்றி நீளக்காற்சட்டை போட்டு, சட்டைக் கையைக் கீழே இறக்கி, வெறுங்காலோடு நிலையைத் தாண்டினான். கட்டளையை மீறினால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு சாண் இறங்கி, நிலத்தில் கால் வைத்து, கமலாசினிக்கு முன்னால் வந்து நின்று ஒரு திறப்பை நீட்டினான்.

"உங்களது திறப்பு இப்போது பொருந்தாது அக்கா. பழைய பூட்டை உடைத்துவிட்டார்கள். இது நான் பொருத்திய பூட்டு. நீங்கள் உள்ளே போங்கள். கதவைச் சாத்துங்கள்."

அவள் வாங்கினாள். படியேறினாள். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு நிலையைத் தாண்டி, பின்னால் கதவைச் சாத்தினாள். உள்ளே ஆணியில் வேறொருவருடைய தொப்பி தொங்கியது; சுவரில் அறியாத எழுத்தில் ஏதோ நாட்காட்டி; ஆனால் காலடியில் சிவப்புச் சீமெந்து அதே குளிர்ச்சி. அவள் குனிந்து அதைத் தொட்டபோது கதவு தட்டப்பட்டது.

டொக், டொக், டொக்.

கமலாசினி நிமிர்ந்தாள். கதவைத் திறந்தாள். திடல் முழுக்க வேலிக்கு மேலே தலைகள்.

"வணக்கம் அக்கா," என்றான் சுமனதாச. "நான் தங்களது வீட்டில் தங்கலாமா?"

அவள் அவனை வடிவாகப் பார்த்தாள். மூன்று ஓடு மாற்றியவன். பதினொரு வருஷம், அவள் வாழ்ந்ததைவிடக் கூட, அங்கே வாழ்ந்தவன். பாவம் என்றும் இருந்தது. ஆனால் இந்த ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை மனுவும் தட்டினாள்.

"இல்லைத் தம்பி," என்றாள். "ஏலாது."

"சரி அக்கா," என்றான் அவன். இரண்டு கையையும் கூப்பிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவன் நாலடி போயிருக்கமாட்டான், வீடு ஒரு பெருமூச்சு விட்டு, 'டொம்' என்று நிலத்தில் இருந்தது. கோழிகள் அலறிக்கொண்டு தப்பி ஓடின. அந்த ஒரு சாண் எங்கே போனது என்று தெரியவில்லை. அடிச்சுவர் முப்பது வருஷம் அங்கேயே கிடந்ததுபோல மண்ணோடு பொருந்திவிட்டது. கிரேன்காரன் இறங்கி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இதை இனித் தூக்க ஏலாது என்று கையை விரித்தான். தலைநகரத்தார் தம் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். கமலாசினி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"தம்பி! நாளைக்குக் காலமை பால் காய்ச்சுறன். வாங்கோ, வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோ. வரேக்கை தட்டுங்கோ."

அவன் திரும்பித் தலையாட்டுவதற்குள் சந்திப் பக்கம் புழுதி எழும்பியது. பஸ்ஸின் ஹோன் அடித்தது, நிற்காமல் அடித்தது. புழுதிக்குள் முதலில் ஐயாத்துரையரின் வீட்டுப் புகைக்கூண்டு தெரிந்தது, பிறகு குலசிங்கத்தின் தகரக் கூரைப் பத்தி, பிறகு ஓடு, ஓடு, ஓடு. இருபத்திரண்டு வீடும் ஒன்றன்பின் ஒன்றாக, மாட்டுக் கொட்டில் உள்ளவை கொட்டிலையும் இழுத்துக்கொண்டு, அம்மிக்கல்லை மறக்காமல், யன்னல்தோறும் ஒரு சிப்பாயின் திகைத்த முகத்தோடு, வந்து, திடலின் ஓரத்தில் வேலிகளுக்கு முன்னால் தடக்கென்று நின்றன. உள்ளே வர வழியில்லை!

"அட, வேலியெல்லோ!" என்றார் ஐயாத்துரையர்.

"பிடுங்குங்கோ அண்ணை! பிடுங்குங்கோ!"

மூன்று நாளாக நட்ட வேலியை மூன்று நிமிஷத்தில் பிடுங்கினார்கள். ஐயாத்துரையரும் குலசிங்கமும் ஒரே கதியாலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பின்னால் விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். ஓலை பறந்தது. படலைகள் சரிந்தன. வீடுகள் விறாந்தையை ஒடுக்கி ஒடுக்கி உள்ளே வந்து, தங்கள் தங்கள் இடத்தில், ஒரு சாண் உயரத்தில், நின்றன.

சுமனதாச நடுத்திடலில் நின்று கமலாசினியைப் பார்த்தான்.

"போய்ச் சொல்லுங்கோ தம்பி," என்றாள் அவள். "அவையின்ர பாஷையிலை வடிவாச் சொல்லுங்கோ. திறப்பைக் குடுத்திட்டு வெளியில வரட்டும். வந்து தட்டட்டும்."

அவன் ஓடினான். யன்னல் யன்னலாக நின்று சொன்னான். ஒவ்வொரு கதவாகத் திறந்தது, வெறுங்காலோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள், உடையவர்கள் ஏறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே நின்ற சிப்பாய்கள் அந்தந்தக் கதவை நோக்கிக் கையை உயர்த்தினார்கள்.

டொக், டொக் என்று முதலில் தட்டப்பட்டது ஐயாத்துரையரின் கதவுதான். உள்ளேயிருந்து, திடல் முழுக்கக் கேட்க, இருபத்தேழு வருஷமாக அதைக் கேட்பதற்கு ஒரு கதவு இல்லாமல் இருந்த மனிதர் கேட்டார்:

"ஆரது?"